ஏர் ஓய்ந்த இடத்தில் நிற்கும் தடம்

(பொதுச் சொற்பொழிவு ஒன்றின் அச்சு வடிவம்)



அறுபது வயதைக் கடந்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். நீங்கள் சிறு பிள்ளைகளாக இருந்தபோது வழி கேட்டவர்களிடம் உங்கள் வீட்டுப் பெரியவர்கள், "இப்படியே ரெண்டு பர்லாங்கு போங்க, ஒரு ஆலமரம் வரும்" என்று சொல்லியிருப்பார்கள். சாலையோரத்தில் மைல் கல்லுக்கும் மைல் கல்லுக்கும் நடுவே பர்லாங் கற்கள் நின்றதையும் பார்த்திருப்பீர்கள். அந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். ஆங்கிலத்தில் 'ஃபர்ரோ' என்றால் உழுசால்; 'லாங்' என்றால் நீளம். ஒரு சாலின் நீளம்தான் பர்லாங். மாடுகள் ஒரே மூச்சில் இழுத்துச் செல்லும் தூரம் என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். பிற்பாடு அதை 220 கஜம் என்று வரையறுத்தார்கள். அந்த 220 கஜ நீளத்துக்கு 22 கஜ அகலம் வைத்தால் 4840 சதுர கஜம் வரும். அதுதான் ஏக்கர். ஓர் ஏர் ஒரு நாளில் உழுது முடிக்கும் நிலம் என்பது அதன் பழைய பொருள்.

நம் வீட்டுப் பத்திரத்தில் 'ஏக்கர்' என்று எழுதியிருக்கிறது. கிரிக்கெட் ஆடுகளத்தின் நீளம் அதே 22 கஜம். எங்கோ ஈரக் களிமண்ணில் மாடு ஓட்டிய ஒரு குடியானவனின் ஒரு நாள் வேலை, கடல் கடந்து வந்து நம் நாக்கில் அமர்ந்துகொண்டது. அவனுடைய அளவு நம்மிடம் இருக்கிறது. அவனுடைய வயல் எங்கே? அதைத் தேடிப் போனவர்களின் கதையைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன். அவர்கள் அதைக் கண்டுபிடித்தது பெரும்பாலும் வானத்திலிருந்து.

இடம், இங்கிலாந்தின் நடுப்பகுதி. நார்தாம்ப்டன்ஷயர், லெஸ்டர்ஷயர், வாரிக்‌ஷயர், பக்கிங்ஹாம்ஷயர் ஆகிய மாவட்டங்கள். கனத்த களிமண் பூமி. அங்கே சில மேய்ச்சல் நிலங்களில் நடந்தால் தரை அலை அலையாக ஏறி இறங்குவதைக் கால் உணரும். ஒரு மேடு, ஒரு பள்ளம், மறுபடி ஒரு மேடு. நம் பருத்தி வயலிலும் கரும்பு வயலிலும் பார் பிடிக்கிறோமே, அந்தப் பாரும் சாலும்தான் இதுவும். ஆனால் நம்முடைய பார் ஒரு போகத்துக்கு உரியது. அறுவடை முடிந்தால் அடுத்த உழவில் கலைந்துவிடும். அங்கே ஒரு பாரின் அகலம் 7 மீட்டர், 8 மீட்டர், சில இடங்களில் அதற்கும் மேல். உயரம் அரை மீட்டர் வரை. நீளம் ஏறத்தாழ ஒரு பர்லாங். அவற்றில் பல 500 ஆண்டுகளாகக் கலையாமல் புல் மூடிக் கிடக்கின்றன.

யாரும் மண்வெட்டி எடுத்து அந்த மேட்டைக் கட்டவில்லை. உழவே அதைக் கட்டியது. இதை நம் ஊர் உழவர்களுக்கு எளிதாகச் சொல்லிவிடலாம். நம் நாட்டுக் கலப்பை மண்ணைக் கீறி இரண்டு பக்கமும் ஒதுக்கும். அவர்களுடையது வளைபலகைக் கலப்பை. கொழு வெட்டிய மண்ணை அந்தப் பலகை புரட்டி, வலப்பக்கமாக மட்டுமே தள்ளும். ஒரு நீளத் துண்டின் நடுவில் ஆரம்பித்து, வலம் வருவதைப் போல நடுவைச் சுற்றிச் சுற்றி உழுதால், போகும்போதும் வரும்போதும் மண் நடுவை நோக்கியே விழும். ஒரு வருஷத்தில் அது கண்ணுக்குத் தெரியாது. அப்பன் உழுத அதே துண்டை அதே முறையில் மகனும் பேரனும் உழுதுகொண்டே வந்தால், நடு மேடாகி ஓரம் பள்ளமாகும். களிமண் பூமியில் இது தேவையும்கூட. மழை நீர் பள்ளத்தில் வடிந்து ஓடிவிடும். மேட்டில் நின்ற பயிரின் வேர் அழுகாது.

இன்னொரு விஷயத்தைக் கிட்ட வைத்துப் பாருங்கள். இந்தப் பார்கள் நேராக இல்லை. மேலிருந்து பார்த்தால் ஆங்கில 'எஸ்' எழுத்தைக் கண்ணாடியில் பார்த்தது போல, இரண்டு முனையிலும் மெல்ல வளைந்திருக்கின்றன. ஏன் வளைய வேண்டும்? பலரும் ஏற்றுக்கொண்ட விளக்கம் மாடுகளிடம் இருக்கிறது. கனத்த மண்ணுக்கு ஒரு ஜோடி போதாது. எட்டு மாடுகளை நான்கு ஜோடியாக முன்னும் பின்னுமாகப் பூட்டினார்கள். 1086இல் இங்கிலாந்து அரசர் முதலாம் வில்லியம் ஊர் ஊராக எடுத்த 'டூம்ஸ்டே' கணக்கெடுப்பிலும் ஓர் ஏருக்கு எட்டு மாடு என்றுதான் கணக்கு. அவ்வளவு நீளமான பூட்டை வயலின் கடைசிவரை நேராக ஓட்டிவிட்டு அங்கே திருப்ப முயன்றால், முன் மாடுகள் அடுத்தவன் நிலத்தில் போய் நிற்கும். அதனால் முனை வருவதற்கு முன்பே முன் மாடுகளை இடப்பக்கம் திருப்பத் தொடங்கிவிடுவார்கள். கலப்பை சாலின் முடிவைத் தொடும்போது மாடுகள் ஓரத்தோடு ஓரமாக வரிசை பிடித்திருக்கும். அந்தத் திருப்பம் ஒவ்வொரு உழவிலும் சாலைக் கொஞ்சம் வளைத்தது. பல நூறு ஆண்டுகளில் வயலே வளைந்துவிட்டது.

மாடுகளின் திருப்பம் மண்ணில் வடிவமாக நின்றுவிட்டது. அந்த உழவனுக்கு எழுதத் தெரியாது. ஆவணங்களில் அவன் பெயர் வந்தால் வரி கட்டியவனாகவோ அபராதம் கட்டியவனாகவோ வந்திருக்கும். அவன் அன்றாடம் செய்த வேலையின் நேரடிப் பதிவு இந்த வளைவு. ஒரு கல்வெட்டைப் படிப்பதைப் போல இதையும் படிக்கலாம் என்பதுதான் இன்று நான் அழுத்திச் சொல்ல விரும்புவது.

படிப்பதற்கு இலக்கணம் வேண்டும். ஓர் ஊரின் விளைநிலம் முழுவதும் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று பெரும் வயல்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. மூன்று வயல் ஊரில் ஒன்றில் இலையுதிர்காலத்தில் விதைத்த கோதுமை. ஒன்றில் வசந்தத்தில் விதைத்த பார்லி, ஓட்ஸ், பட்டாணி, மொச்சை வகைகள். மூன்றாவது அந்த ஆண்டு தரிசு. அடுத்த ஆண்டு முறை மாறும். ஒவ்வொரு பெரும் வயலும் பல கட்டங்களாகப் பிரிந்திருக்கும். அந்தக் கட்டத்துக்கும் 'ஃபர்லாங்' என்றே பெயர். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் பக்கம் பக்கமாக நீளத் துண்டுகள். இடையில் வேலி கிடையாது. இதுதான் பொதுவயல். 30 ஏக்கர் வைத்திருந்த ஒரு குடியானவனுக்கு அந்த நிலம் ஒரே இடத்தில் இருக்காது. மூன்று வயல்களிலும் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கும். நல்ல மண்ணிலும் பங்கு, மட்டமான மண்ணிலும் பங்கு. தஞ்சைப் பகுதியின் கரையீட்டைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்கு இந்த எண்ணம் அந்நியமாக இருக்காது. ஆனால் இங்கிலாந்தில் விளைநிலத் துண்டுகளைக் குலுக்கிப் போட்டு மாற்றிக்கொள்ளும் வழக்கம் பொதுவாக இல்லை. புல்வெளியைத்தான் பல ஊர்களில் சீட்டுப்போட்டுப் பிரித்துக்கொண்டார்கள்.

மாடு திருப்புவதற்காகக் கட்டங்களின் முனையில் விட்ட இடத்துக்குத் தலைவரப்பு என்று நாம் பெயர் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு சாலின் முடிவிலும் கலப்பையைத் தூக்கும்போது ஒட்டியிருந்த மண் அங்கே விழுந்தது. அப்படி விழுந்து விழுந்து அது அகலமான, தாழ்ந்த மேடாக உயர்ந்தது. பிற்கால டிராக்டர் உழவில் பார்கள் கரைந்துபோன இடத்தில்கூட இந்தத் தலைவரப்பு எஞ்சி நிற்பதுண்டு. ஆய்வாளர்கள் ஒரு படத்தைப் பார்த்ததும் முதலில் தேடுவது இதைத்தான்.

இனி வானத்துக்குப் போவோம்.

(அரங்கின் விளக்குகள் குறைக்கப்படுகின்றன.)

இந்த மேசையில் ஒரு கோரைப்பாய் விரித்திருக்கிறேன். டார்ச் விளக்கை இதற்கு நேர் மேலே பிடிக்கிறேன். என்ன தெரிகிறது? ஒரே சீரான வெளிர் நிறம். இப்போது விளக்கைப் பாயின் விளிம்புக்குத் தாழ்த்திக் கொண்டுவருகிறேன். பாருங்கள், ஒவ்வொரு கோரையும் எழுந்து நிற்கிறது. எழுந்தது கோரை அல்ல, அதன் நிழல். இப்போது விளக்கை அப்படியே வைத்துக்கொண்டு பாயை மட்டும் கால் சுற்று திருப்புகிறேன். வெளிச்சம் கோரையின் நீளவாக்கில் ஓடுகிறது. நிழல் மறைந்துவிட்டது. பாய் அதேதான், விளக்கும் அதேதான்.

வான்வழி நில ஆய்வின் முதல் பாடம் இந்தப் பாயில் இருக்கிறது. அரை மீட்டர் மேட்டுக்கு உச்சி வெயிலில் நிழல் விழாது. குளிர்காலத்துக் காலையிலோ மாலையிலோ, சூரியன் அடிவானத்தை ஒட்டி நிற்கும்போது, பார்களுக்குக் குறுக்கே ஒளி விழுந்தால் வயல் முழுக்கக் கோடு கோடாக விரியும். ஒரே வயலில் ஒரு கட்டம் பளிச்சென்று தெரியும். அதை ஒட்டி வேறு திசையில் உழுத கட்டம் வெறும் புல்லாகத் தெரியும். தெரியாத இடத்தில் ஒன்றுமில்லை என்று முடிவு கட்டக்கூடாது.

இந்தப் பாயை நான் கொண்டுவந்ததற்கு ஒரு முன்னோடி உண்டு. கிராஃபோர்டு என்ற ஆங்கிலேயர், கம்பளத்தின் மேல் நிற்கும் பூனையை உதாரணம் காட்டுவார். பூனையின் கண் உயரத்தில் கம்பளத்தின் வண்ணங்கள் குழம்பிக் கிடக்கும். நிற்கும் மனிதனின் உயரத்திலிருந்து பார்த்தால் அதே வண்ணங்கள் பூவேலைப்பாடாகச் சேரும். நிலத்தில் நடக்கும் ஆய்வாளன் அந்தப் பூனையின் நிலையில் இருக்கிறான் என்பது அவர் சொன்ன செய்தி.

ஓ.ஜி.எஸ். கிராஃபோர்டு 1886இல் பிறந்தது நம் பம்பாயில். பிறந்த சில நாட்களில் தாயை இழந்து, கைக்குழந்தையாகவே இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டவர். முதல் உலகப்போரில் விமானத்தில் இருந்து எதிரியின் நிலைகளைப் பார்த்துச் சொல்லும் பணியில் இருந்தார். 1918இல் அவருடைய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு ஜெர்மானியர்களிடம் கைதியானார். போருக்குப் பின் 1920இல் பிரிட்டனின் நில அளவைத் துறையில் முதல் தொல்லியல் அலுவலர் ஆனார். 1922இல் ஹாம்ப்ஷயர் பகுதியில் விமானப்படை எடுத்த பயிற்சிப் படங்களில் விளங்காத சில கோடுகள் இருப்பதை ஓர் அதிகாரி கவனித்தார். அந்தப் படங்கள் கிராஃபோர்டின் கைக்கு வந்தன. அவை வரலாற்றுக்கு முற்பட்ட காலத்து வயல்களின் எல்லைகள் என்று அவர் அடையாளம் கண்டார். 1924இல் தொல்லியலாளர் அலெக்ஸாண்டர் கெய்லருடன் சேர்ந்து தென் இங்கிலாந்தின் மேல் பறந்து படம் எடுத்தார். 'வெசெக்ஸ் ஃப்ரம் தி ஏர்' என்ற நூல் 1928இல் வெளிவந்தது. சிறு சதுரங்களாகக் கிடந்த முற்கால வயலையும், நீளத் துண்டுகளாகக் கிடந்த இடைக்கால வயலையும் வடிவத்தைக் கொண்டே பிரித்துக் காட்டிய வேலை அங்கேதான் வேரூன்றியது.

இரண்டாம் உலகப்போரில் தொல்லியலாளர்கள் பலர் விமானப் படங்களைப் படிக்கும் பணிக்கு எடுக்கப்பட்டார்கள். அவர்களில் கிளின் டேனியலும் ஸ்டுவர்ட் பிகட்டும் அந்தப் பணிக்காக இந்தியாவுக்கே வந்திருந்தவர்கள். கிராஃபோர்டு 1927இல் தொடங்கிய 'ஆண்டிக்குவிட்டி' இதழுக்கு அவர் மறைவுக்குப் பின் ஆசிரியரானவர் இந்த டேனியல்தான். போர்க்காலத்தில் பழகிய கண் சமாதான காலத்தில் வயலின் பக்கம் திரும்பியது. கேம்பிரிட்ஜில் ஜே.கே. செயின்ட் ஜோசஃப் 1945இல் தொடங்கிப் பல பத்தாண்டுகள் பறந்து, பிரிட்டனின் நிலத்தைப் படம் எடுத்தார்.

படம் எடுப்பது பாதி வேலை. அந்தக் கோடுகள் இடைக்கால உழவின் கோடுகள்தான் என்று எப்படி நிரூபிப்பது? இந்தக் கேள்வியை முன்னால் வைத்து உழைத்தவர் மாரிஸ் பெரஸ்ஃபோர்டு. பொருளாதார வரலாற்றாசிரியர். பழைய நில வரைபடங்களையும் நிலத்தில் கிடக்கும் பார்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று 1948இல் எழுதினார். பேட்பரி என்ற ஊரை எடுத்துக்கொள்வோம். பக்கிங்ஹாம்ஷயரில் இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டின் ஆல் சோல்ஸ் கல்லூரிக்கு அந்த ஊரில் நிலம் இருந்தது. 1591இல் கல்லூரி அந்த ஊரின் வரைபடத்தைத் தயாரித்தது. அதில் ஒவ்வொரு துண்டும் கோடு போட்டுக் காட்டப்பட்டிருக்கிறது. மூன்றரை நூற்றாண்டுகளுக்குப் பின் எடுத்த விமானப் படத்தை அதன் பக்கத்தில் வைத்தால், வரைபடத்துத் துண்டுகளும் படத்துப் பார்களும் கட்டத்துக்குக் கட்டம் பொருந்துகின்றன. மேசையில் இருந்த காகிதமும் வயலில் இருந்த மண்ணும் ஒரே சாட்சியைச் சொல்லின. பெரஸ்ஃபோர்டும் செயின்ட் ஜோசஃபும் 1958இல் சேர்ந்து வெளியிட்ட 'மெடீவல் இங்கிலாந்து' என்ற வான்படத் தொகுப்பு இந்த முறையைப் பரவலாக்கியது.

எதிர்ப்பு வராமல் இல்லை. எரிக் கெரிட்ஜ் என்ற வரலாற்றாசிரியர் 1951இல் மறுத்து எழுதினார். பார் கட்டி உழுவது வடிகாலுக்கான முறை. 19ஆம் நூற்றாண்டு வரைக்கும்கூட நடந்தது. அப்படியிருக்கப் பாரைக் கண்ட இடமெல்லாம் இடைக்காலப் பொதுவயல் என்று எப்படிச் சொல்லலாம் என்று கேட்டார். நியாயமான கேள்வி. அது இந்தத் துறையைச் செப்பம் செய்தது. அதன் பிறகு ஆய்வாளர்கள் கோட்டைக் கண்டதும் நிற்காமல், அதன் குணத்தைக் கேட்கத் தொடங்கினார்கள். அகலமா, குறுகலா? வளைவா, நேரா? குறுகலாக, அளவுகோல் வைத்தது போல நேராக ஓடினால் 18, 19ஆம் நூற்றாண்டு உழவாக இருக்கலாம். நீராவி இயந்திரம் கம்பிவடம் கட்டி இழுத்த கலப்பையும் அப்படித்தான் உழும். இயந்திரத்துக்குத் திரும்ப இடம் தேவையில்லை, அதனால் வளைவும் இல்லை. ஆற்றங்கரையில் புல் வளர்ப்பதற்காகத் தண்ணீர் பாய்ச்சிய மேட்டுப்பாத்திகளும் மேலிருந்து பார்க்கப் பார் போலவே இருக்கும். அவற்றின் உச்சியில் வாய்க்கால் ஓடும், அதுதான் அடையாளம்.

எது முந்தியது, எது பிந்தியது என்பதையும் நிலமே சொல்லும். ஒரு நேர்வேலி பார்களைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனால், வேலி போடுவதற்கு முன்பே பார் இருந்திருக்கிறது. கால்வாயோ ரயில்பாதையோ அறுத்துக்கொண்டு போனாலும் அப்படியே. வேலியே மெல்ல வளைந்து பாரின் வளைவோடு சேர்ந்து ஓடினால், பழைய துண்டுகளை ஊரார் தங்களுக்குள் பேசி மாற்றிக்கொண்டு, சிறுகச் சிறுக அடைத்த இடம் அது. ஆக, வேலிகூட உழவனின் வளைவை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது. வேல்ஸ் எல்லையில் ஹென் டோமன் என்ற இடத்தில் 1070களில் எழுந்த நார்மன் கோட்டைக்கு அடியில், அகழாய்வில் பார்களும் சால்களுமாக ஒரு வயல் கிடைத்தது. கோட்டை வருவதற்கு முன்பே அங்கே இந்த முறையில் உழுதிருக்கிறார்கள் என்பதற்கு இதைவிட அழுத்தமான சாட்சி வேண்டியதில்லை.

நண்பர்களே, இந்த வயல்கள் ஏன் இன்னும் நமக்குத் தெரிகின்றன?

உழவு நின்றதனால்தான். உழுதுகொண்டே இருந்த வயலில் பழைய பார் தங்காது. அடுத்த தலைமுறையின் கலப்பை அதை மாற்றிவிடும். என்றோ ஒருநாள் உழவு நின்று, புல் முளைத்து, ஆடுமாடு மட்டும் மேய்ந்த இடத்தில்தான் அன்றைய கடைசி உழவு அச்சு மாறாமல் உறைந்து நின்றது. ஏர் ஓய்ந்த இடத்தில்தான் ஏரின் தடம் நிற்கிறது. ஆகவே ஒவ்வொரு வான்படத்திலும் இரண்டு செய்திகள் இருக்கின்றன. இங்கே உழுதார்கள் என்பது ஒன்று. இங்கே உழவு நின்றது என்பது மற்றொன்று. முதல் செய்தியைப் படிக்கும் உற்சாகத்தில் இரண்டாவதைத் தவறவிட்டால் பாதிக் கதையைத்தான் படித்திருப்போம்.

உழவு ஏன் நின்றது? 1348, 1349ஆம் ஆண்டுகளில் கொள்ளைநோய் வந்து மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவர்களைக் கொண்டுபோனது. ஆள் குறைந்தது, கூலி ஏறியது. கம்பளிக்கு நல்ல விலை இருந்தது. நூறு பேர் உழுத நிலத்தை ஆடு விட்டால் ஓர் இடையனும் ஒரு நாயும் பார்த்துக்கொள்ளலாம். நிலக்கிழார்கள் பலர் உழவை நிறுத்தி ஆட்டை விட்டார்கள். சில ஊர்களில் எஞ்சிய குடிகளையும் வெளியேற்றினார்கள். யார்க்‌ஷயரின் வாரம் பெர்சி அப்படிக் காலியான ஊர். பெரஸ்ஃபோர்டும் ஜான் ஹர்ஸ்டும் அங்கே நடத்திய அகழாய்வு 1990 வரை நாற்பது ஆண்டுகள் நீடித்தது. இன்று ஒரு பாழ்பட்ட தேவாலயமும், புல் மூடிய வீட்டு மேடுகளும், பள்ளமாய்த் தேய்ந்த தெருவும்தான் மிச்சம். வானிலிருந்து பார்த்தால் பார்கள் ஓடிவந்து ஓர் எல்லையில் நிற்கும். அதற்குள் வீட்டுத் தளங்களும் கொல்லைகளும் தெரியும். உழவு எங்கே நிற்கிறதோ அங்கே ஊர் இருந்தது. இந்த ஒரு விதியைக் கையில் வைத்துக்கொண்டு, மறைந்துபோன ஊர்கள் இங்கிலாந்தில் பல நூற்றுக்கணக்கில் அடையாளம் காணப்பட்டன.

அடுத்த பெரிய நிறுத்தம் சட்டத்தின் வழியாக வந்தது. 1604 முதல் 1914 வரை நாடாளுமன்றம் 5200க்கும் மேற்பட்ட அடைப்புச் சட்டங்களை நிறைவேற்றியது. சுமார் 68 லட்சம் ஏக்கர், இங்கிலாந்தின் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று மேல். பொதுவயல்களை அளந்து, துண்டுகளைச் சேர்த்து, தனித்தனியாக வேலி போட்டுக் கொடுத்தார்கள். பெரிய நிலக்காரருக்கு அது ஆதாயம். மேய்ச்சல் உரிமையை நம்பி ஒரு பசுவை வைத்திருந்த ஏழைக்கு அந்தப் பசு போனது. நடுப்பகுதியின் களிமண் ஊர்களில் வேலிக்குள் அடைபட்ட நிலம் பெரும்பாலும் புல்லுக்கு விடப்பட்டது. கடைசியாக உழுதவன் ஏரை அவிழ்த்துக்கொண்டு போன நிலையிலேயே மண் நின்றுவிட்டது. இன்று நாம் அழகான அலை என்று வியக்கும் படம், பலருடைய வாழ்வாதாரம் நின்றுபோன கணத்தின் படமும்தான்.

நாட்டிங்ஹாம்ஷயரில் லாக்ஸ்டன் என்ற ஊர் இந்த வெள்ளத்துக்குத் தப்பியது. 1635இல் மார்க் பியர்ஸ் என்பவர் அந்த ஊரின் துண்டுகளை வரைபடமாக வரைந்தார். இன்றைக்கும் அங்கே மூன்று வயல்கள் இருக்கின்றன. முறை வைத்து ஒன்றைத் தரிசு விடுகிறார்கள். ஆண்டுதோறும் ஊர் நடுவர்கள் வயலுக்கு நேரில் போய், யாராவது பொதுப்பாதையையோ எல்லையையோ தாண்டி உழுதிருக்கிறார்களா என்று பார்த்து அபராதம் போடுகிறார்கள். ஊர் கூடி உழுத காலத்தின் சட்டம் அங்கே இன்னும் உயிரோடிருக்கிறது. ஆனால் விடாமல் உழப்படுவதால், பழைய பார்கள் அங்கே உழுவயலில் இல்லை. புல்வெளிப் பக்கங்களில்தான் தெரிகின்றன. முறை வாழும் இடத்தில் தடம் இல்லை; தடம் வாழும் இடத்தில் முறை இல்லை.

புல் காப்பாற்றியதைப் பின்னால் வந்த உழவு அழித்தது. இரண்டாம் உலகப்போரில் உணவுப் பஞ்சத்தைத் தவிர்க்கப் புல்வெளிகளை உழச் சொன்னது அரசு. போருக்குப் பின்னும் தானிய உற்பத்திக்கு மானியம் கிடைத்ததால் டிராக்டர்கள் தொடர்ந்து உழுதன. உணவு விளைவித்தவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்த அழிவு முழுமையாவதற்கு முன், 1940களின் பிற்பகுதியில், விமானப்படை நாடெங்கும் பறந்து செங்குத்தாகப் படம் எடுத்து வைத்தது. ஒன்றின் மேல் ஒன்று படியும்படி எடுத்த அந்தப் படங்களை இரட்டைக்கண் கருவியில் வைத்தால் பார்கள் கண்முன் மேடாக எழும். ஆய்வாளர் டேவிட் ஹால் நடுப்பகுதி முழுவதையும் படங்களிலும் நிலத்திலும் தேடி, இங்கிலிஷ் ஹெரிடேஜ் அமைப்பும் நார்தாம்ப்டன்ஷயர் நிர்வாகமும் 2001இல் வெளியிட்ட அறிக்கையில் நிலவரத்தைச் சொன்னார். ஒரு காலத்தில் அந்தப் பிரதேசம் முழுக்கப் பரவியிருந்த அமைப்பில், நன்றாக எஞ்சியதாகவும் முதலில் காக்க வேண்டியதாகவும் அவர் குறித்த ஊர்கள் 43 மட்டுமே.

இப்போது நம்மிடம் லைடார் இருக்கிறது. விமானத்திலிருந்து லேசர் துடிப்புகளைத் தரைக்கு அனுப்பி, அவை திரும்பி வரும் நேரத்தை வைத்து உயரத்தைக் கணக்கிடும் முறை. இங்கிலாந்து முழுவதற்கும் ஒரு மீட்டருக்கு ஓர் அளவு வீதம் அந்தத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. 8 மீட்டர் அகலப் பாருக்கு அது தாராளம். இலையுதிர்ந்த குளிர்காலத்தில் மரங்களின் இடுக்கு வழியாகத் துடிப்புகள் தரையைத் தொட்டுவிடும். காட்டுக்குள்ளே பார்கள் தெரிந்தால், அந்தக் காடு வயலுக்குப் பிந்தியது என்று புரியும். கணினியில் சூரியனை வேண்டிய திசையில் வைத்து நிழல் போடலாம். பாயை நினைவில் வையுங்கள்: ஒரே திசையில் மட்டும் ஒளி கொடுத்தால் பாதிக் கட்டங்கள் மறைந்துவிடும். அதனால் பல திசைகளிலிருந்து ஒளி கொடுத்துச் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

மேடு முழுவதும் கரைந்துபோன வயலிலும் சில நேரம் பயிர் சொல்லிக் கொடுக்கும். பழைய பள்ளத்தில் மண் ஆழம், ஈரம் நிற்கும். கடும் வறட்சியில் அங்கே நிற்கும் பார்லி மற்றதெல்லாம் பழுத்த பிறகும் பச்சையாக நிற்கும். வெள்ளம் வடியும்போது பள்ளங்களில் நீர் கோடாக மின்னும். பனி உருகும்போது பள்ளத்தில் வெள்ளைக் கோடு தங்கும்.

இவ்வளவும் மேலிருந்து. ஆனால் படத்தோடு இறங்கி நடக்காதவர் இந்த வேலையில் தேற முடியாது. பழைய பார் நிலத்தில் வசந்தகாலத்தில் நின்றால் மஞ்சள் பூக்கள் நிறையத் தெரியும். 'பட்டர்கப்' என்று சொல்வார்கள். தூரத்தில் எல்லாம் ஒரே பூ. குனிந்து பார்த்தால் மூன்று வகை. அடியில் கிழங்கு உள்ள வகை, உலர்ந்த பார் உச்சியில். நெட்டையாக வளரும் வகை, சரிவில். தரையோடு படர்ந்து வேர்விடும் வகை, ஈரமான சாலில். ஓர் ஆள் உயரத்துக்கும் குறைவான ஏற்ற இறக்கத்தில் மூன்று செடிகள் தங்கள் இடத்தைப் பிரித்துக்கொண்டிருக்கின்றன. எட்டு மாடுகளும் ஒரு வளைபலகையும் பிரித்துக் கொடுத்த இடம் அது. பாகப்பிரிவினை இன்றும் மாறவில்லை.

மாணவ நண்பர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். பார்கள் அடர்ந்து தெரியும் இடத்தில்தான் இடைக்கால மக்கள் அதிகம் உழுதார்கள் என்று வரைபடம் போட்டுவிடாதீர்கள். அது புல் காத்த இடங்களின் வரைபடம். நல்ல மண்ணுள்ள ஊர்களில் உழவு நிற்கவே இல்லை. அதனால் அங்கே தடமும் இல்லை. எஞ்சியதை மட்டும் எண்ணுகிறவன் இழந்தவர்களை அதிகமாகவும், நிலைத்தவர்களைக் குறைவாகவும் எண்ணிவிடுவான். ஒவ்வொரு படத்தின் முன்னாலும் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: இதை உழுதது யார்? இது எப்போது நின்றது?

அந்தப் பாரின் முனைக்கு மறுபடி போங்கள். வளைவு தலைவரப்பைத் தொடும் இடம். அங்கே ஏதோ ஒரு மாலையில் எட்டு மாடுகள் இடப்பக்கம் திரும்பியிருக்கின்றன. கலப்பையைத் தூக்கி, ஒட்டியிருந்த களிமண்ணைத் தட்டி, அவன் ஏரை அவிழ்த்திருக்கிறான். மறு ஆண்டு அந்தத் துண்டை யாரும் உழவில்லை. அவன் தட்டிய மண் அங்கேயே இருக்கிறது. அதன் மேல் புல் இருக்கிறது. நாம் வானத்திலிருந்து பார்த்துக்கொண்டிருப்பது அந்த மாலையைத்தான்.